1966 மஸ்டாங்கின் முன் சஸ்பென்ஷன்: தகட்டு ஆர்மா, குழாய் ஆர்மா?

நெடுவழி (கொலம்பஸ், ஒஹாயோ)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1966 மஸ்டாங் கூபே. 289 வி8 என்ஜின், ஆட்டோமேட்டிக் கியர், பவர் ஸ்டியரிங் கிடையாது. முன்பக்க டிரம் பிரேக்கை முந்தைய உரிமையாளரே டிஸ்க்காக மாற்றிவிட்டார். பந்தயத்துக்கெல்லாம் கொண்டுபோவதில்லை. வார இறுதியில் பிள்ளைகளைப் பின்னிருக்கையில் உட்காரவைத்து ஹாக்கிங் ஹில்ஸ் பக்கத்து வளைவுச் சாலைகளில் ஓட்டிவிட்டு வருவேன், அவ்வளவுதான்.

இப்போது மூன்று தொல்லைகள். மேடு பள்ளத்தில் இடதுபக்க மேல் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கைகளில் மேலே இருப்பது) கிறீச்சிடுகிறது. இரண்டு முன் டயர்களும் வெளியோரத்தில் தேய்கின்றன. நெடுஞ்சாலையில் வண்டி நேராகப் போகாமல் தார்ச்சாலையின் தடங்களைத் தேடித் தேடி ஓடுகிறது. கையை எடுக்கவே முடியவில்லை. கீழே படுத்துப் பார்த்தேன். மேல் பால் ஜாயிண்ட்டுகள் (ஆர்மின் வெளிமுனையில் சக்கரத்தைப் பிடிக்கும் உருண்டை மூட்டுகள்) ரிவெட் அடித்தவை. அதாவது, தொழிற்சாலையில் பூட்டியதிலிருந்து யாரும் மாற்றவில்லை என்று நினைக்கிறேன்.

இங்குள்ள பட்டறையில், தகட்டை அழுத்திச் செய்த நான்கு ஆர்ம்களையும் கழற்றி எறிந்துவிட்டு, குழாய்களை வெல்டிங் செய்த குழாய் ஆர்ம் போடுங்கள், எல்லாம் தீர்ந்துவிடும் என்கிறார்கள். அதன் விலை தகட்டு ஆர்ம்களைப் போலப் பல மடங்கு. காசு கொடுக்கத் தயங்கவில்லை, எதற்குக் கொடுக்கிறேன் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பழையபட்டறை (டியர்போர்ன், மிச்சிகன்)

தம்பி, நல்ல நேரத்தில் கேட்டீர்கள். சாமான் வாங்கும் முன் இந்த வண்டியில் எடை எப்படி இறங்குகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அது தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

மஸ்டாங் 1964 ஏப்ரலில் வெளிவந்தபோது அதன் அடிப்பகுதி ஃபோர்டின் ஃபால்கன் காரிலிருந்து வந்தது. அந்த அமைப்பில் காயில் ஸ்பிரிங் மேல் ஆர்மின் மீது உட்காரும். அதன் தலை, என்ஜினின் இருபுறமும் நிற்கும் தகட்டுக் கூடான ஷாக் டவருக்குள் முட்டி நிற்கும். அதே காலத்து ஷெவெல்லையோ கமாரோவையோ பாருங்கள், ஸ்பிரிங் கீழ் ஆர்மில் இருக்கும். ஆகவே, அந்த வண்டிகளுக்கு எழுதப்பட்ட அறிவுரையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் தவறாகப் போகும். நம் வண்டியில் சுமை தாங்குவது மேல் பால் ஜாயிண்ட். கீழ் ஆர்ம் சக்கரத்தின் அடிப்பகுதியைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்கிறது. முன்பின் அசைவை ஸ்ட்ரட் ராட் என்ற கம்பி தடுக்கிறது.

ஸ்பிரிங் மேல் ஆர்மின் ஏறக்குறைய நடுவில் அமர்வதால், சக்கரம் சுமப்பதைப் போல இரண்டு மடங்கு விசை அதில் இருக்கும். உங்கள் வண்டி 1,300 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, அதில் பாதிக்கு மேல் முன்பக்கம். ஒரு முன் சக்கரத்துக்கு 350 கிலோ என்று வைத்தால், ஸ்பிரிங் இருக்கையில் எழுநூறு கிலோ அளவுக்கு அழுத்தம். வண்டி நிற்கும்போதே இவ்வளவு. குழியில் விழுந்தால் எவ்வளவு என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். ஆகவே, மேல் ஆர்மில் மலிவுச் சரக்கு வேண்டவே வேண்டாம். குழாயோ தகடோ, அது அடுத்த பேச்சு.

உங்கள் கிறீச்சொலிக்கு வருகிறேன். 1966 மேல் ஆர்ம் எதன் மேல் சுழல்கிறதோ அந்த ஷாஃப்ட்டின் முனைகளில் ரப்பர் கிடையாது. மரை வெட்டிய எஃகுப் புஷ் (உறை), எஃகு ஷாஃப்ட்டின் மேல் திரும்புகிறது. கிரீஸ் வற்றியதும் கத்தும். டவர் இடிப்பதால் அந்த இடத்துக்கு கிரீஸ் கன் எளிதில் எட்டாது. இதற்காகவே அந்தக் காலத்து மெக்கானிக்குகள் டவரில் துளை வெட்டிய வண்டிகள் இன்றும் கண்ணில் படும். பல ஆண்டுகள் வறண்டு ஓடியிருந்தால் மரை தின்றுபோயிருக்கும். இனி கிரீஸ் ஏற்றிப் பயனில்லை, மேல் ஆர்ம் மாற்றத்தான் வேண்டும்.

ஆனால் டயர் தேய்மானமும் அலைச்சலும் ஆர்ம் தகடா குழாயா என்பதைப் பொறுத்தவை அல்ல. அவை கோணத்தைப் பொறுத்தவை. பழைய தகட்டு ஆர்ம் இருந்த அதே துளையில் குழாய் ஆர்மைப் பூட்டினால், அது அதே வட்டத்தில்தான் சுழலும்.


மலைவளைவு (சான் ஹோசே, கலிஃபோர்னியா)

ஐயா சொன்ன சுமைக் கணக்கை முழுதும் ஏற்கிறேன். கடைசி வரியில் மட்டும் ஒரு திருத்தம். எல்லாக் குழாய் ஆர்மும் அதே வட்டத்தில் சுழல்வதில்லை. நல்ல தயாரிப்பாளர்கள் பால் ஜாயிண்ட் உட்காரும் இடத்தைச் சற்றுப் பின்னால் தள்ளி வைக்கிறார்கள். கேஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, அதிலேயே வந்துவிடுகிறது. 1966 வண்டியில் கேம்பர் (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு), கேஸ்டர் இரண்டையும் மேல் ஆர்ம் ஷாஃப்ட்டின் பின்னால் ஷிம் (மெல்லிய இடைத்தகடு) வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். 1967இலிருந்துதான் கீழ் ஆர்மில் கேம்பருக்கான எக்ஸென்ட்ரிக் (மையம் விலகிய) போல்ட்டும், கேஸ்டருக்கு நீளம் மாற்றக்கூடிய ஸ்ட்ரட் ராடும் வந்தன. நம் வண்டியில் மூன்று டிகிரி கேஸ்டர் வேண்டுமென்றால் முன் போல்ட்டுக்கும் பின் போல்ட்டுக்கும் ஷிம் கனம் மிகவும் வேறுபட்டுவிடும். போல்ட்டில் மரை போதாமல் போன வண்டியை நான் பார்த்திருக்கிறேன்.

என் 65 ஃபாஸ்ட்பேக்கில் குழாய் மேல் ஆர்ம்தான். மலைச்சாலையில் தினமும் ஓட்டுகிறேன், அவ்வப்போது லகுனா சேக்கா பந்தயத் தடத்துக்கும் கொண்டுபோகிறேன். ஷாஃப்ட்டில் டெல்ரின் (கடினப் பிளாஸ்டிக்) புஷ், உராய்வே தெரியாது. வண்டி சிறு மேட்டையும் விழுங்கிவிடுகிறது. விலை அதிகம்தான். ஆனால் வெறும் பளபளப்புக்காகக் கொடுத்த காசு என்று சொல்லாதீர்கள்.


நெடுவழி

மிக்க நன்றி ஐயா, நன்றி சகோதரி. கேஸ்டர் கூடினால் நேராக ஓடும் என்பது புரிகிறது. ஆனால் பவர் ஸ்டியரிங் இல்லாத என் வண்டியில் வண்டியை நிறுத்தும்போது ஸ்டியரிங் கனக்காதா? இன்னொரு ஐயம்: ஷெல்பி துளை என்று பலர் எழுதுகிறார்கள். அது எனக்குப் பொருந்துமா?


பழையபட்டறை

கனக்கும். இரண்டரை டிகிரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மூன்றைத் தாண்ட வேண்டாம். சகோதரி சொன்ன ஷிம் தொல்லை உண்மைதான், மறுக்கவில்லை. அதற்கும் இந்தத் துளையிலேயே ஒரு வழி இருக்கிறது.

ஷெல்பி துளை என்று பெயர் வந்துவிட்டது. வேலை செய்தவர் ஃபோர்டின் சஸ்பென்ஷன் பொறியாளர் கிளாஸ் ஆர்னிங். மேல் ஆர்மின் உள் முனையை ஒரு அங்குலம் கீழே இறக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. மஸ்டாங்கைப் பந்தயத்துக்கு ஏற்ப மாற்றி ஷெல்பி நிறுவனம் விற்ற 1965 ஜி.டி. 350 வண்டிகளில் அது செய்யப்பட்டது. 1966 ஷெல்பிகளில் தொடக்கத்தில் வந்தவற்றில் இருந்தது. பிறகு செலவைக் குறைப்பதற்காக விட்டுவிட்டார்கள்.

இது என்ன செய்கிறது? சாதாரண மஸ்டாங்கில் மேல் ஆர்மின் உள் முனை உயரத்தில் இருக்கிறது. வளைவில் வண்டி சாயும்போது வெளிச் சக்கரம் மேலேறும். அப்போது பால் ஜாயிண்ட் உள்பக்கம் இழுக்கப்பட்டால்தான் டயர் சாலையில் தட்டையாக நிற்கும். தொழிற்சாலைத் துளையில் அந்த இழுப்பு மிகக் குறைவு. உடல் எந்தப் பக்கம் சாய்கிறதோ டயரும் அந்தப் பக்கமே சாய்கிறது. எடை முழுவதும் வெளியோரத்தில் விழுகிறது. உங்கள் டயரின் வெளியோரத் தேய்மானம் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகிறது. உள் முனையை இறக்கியதும் ஆர்ம் வெளிப்பக்கம் உயர்ந்து, உள்பக்கம் தாழ்ந்து நிற்கும். சக்கரம் ஏற ஏறப் பால் ஜாயிண்ட் உள்ளே வரும். அவ்வளவுதான் கணக்கு. முன்பக்கம் சற்றுத் தாழும், வண்டி சாயும்போது சுழலும் மையம் உயர்வதால் சாய்வும் குறையும்.

இதற்கு ஆகும் செலவு ஒரு டிரில் முனையும் துளையிடும் இடத்தைக் காட்டும் ஒரு தகட்டு அச்சும்தான். பழைய துளையிலிருந்து நேர் கீழே ஒரு அங்குலம். கூடவே, எட்டில் ஒரு அங்குலம் பின்னால் தள்ளித் துளையிடுவதும் வழக்கம்; அதில் கேஸ்டர் தானாகக் கிடைக்கிறது. சகோதரி சொன்ன ஷிம் அடுக்கும் தேவைப்படாது. ஒரு அங்குலத்துக்கு மேல் இறக்க ஆசைப்படாதீர்கள். அதற்கு மேல் போனால் பால் ஜாயிண்ட்டின் தண்டு சாய்வின் எல்லையை முட்டும்; ஆப்பு வைத்துக் கோணத்தைத் திருத்த வேண்டியிருக்கும்.

நாற்பது ஆண்டுகளாக இந்த வண்டிகளோடு இருக்கிறேன். முன் சஸ்பென்ஷனில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பெரிய மாற்றம் தரும் வேலை வேறு ஒன்றும் இல்லை என்பதே என் உறுதியான கருத்து. நல்ல தகட்டு ஆர்ம், புதிய துளை. சாலை வண்டிக்கு இது போதும்.


மூலப்பிரதி (அட்லாண்டா, ஜார்ஜியா)

துளையிடும் முன் ஒரு நொடி நில்லுங்கள். உங்கள் டவர் இதுவரை யாரும் கைவைக்காதது என்று தோன்றுகிறது. ரிவெட் அடித்த பால் ஜாயிண்ட்டோடு 1966 கூபே இன்றைக்கு எத்தனை மிஞ்சியிருக்கும்? கழற்றினாலும் அந்த ஆர்ம்களைத் தூக்கிப் போடாதீர்கள். கிரீஸ் தடவி, துணியில் சுற்றி, பெயர் எழுதி வையுங்கள். நாளைக்கு வண்டியை மூல நிலைக்குக் கொண்டுவர விரும்புபவருக்கு அவை பொக்கிஷம். மறு தயாரிப்பு ஆர்ம்களில் தகட்டின் வளைவும் விளிம்பும் அப்படியே வருவதில்லை. கார் கண்காட்சி நடுவர்கள் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஷெல்பி அல்லாத வண்டியில் ஷெல்பி துளை வேண்டாம் என்பது என் வேண்டுகோள். புதிய ஆர்ம், புதிய புஷ், ஒழுங்கான அலைன்மெண்ட். இவை போதும்.


மலைவளைவு

மூலப்பிரதி எழுதியது: "ஷெல்பி அல்லாத வண்டியில் ஷெல்பி துளை வேண்டாம்"

உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் பழைய துளை அடைபடுவதில்லையே, அது மேலே அப்படியே இருக்கிறது. என்றைக்கு வேண்டுமானாலும் ஆர்மை அங்கே திரும்பப் பூட்டலாம். பிள்ளைகளைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டும் வண்டி இது. மழையில் ஒரு வளைவில் டயர் தட்டையாக நிற்பது எனக்கு நடுவரின் மதிப்பெண்ணைவிட முக்கியம். பழைய ஆர்ம்களைப் பத்திரப்படுத்துங்கள் என்ற பாதியை மட்டும் நானும் வழிமொழிகிறேன்.


உப்புச்சாலை (டொராண்டோ)

யாரும் டவரைப் பற்றியே பேசவில்லை. ஒஹாயோ வண்டி என்றால் குளிர்காலத்து உப்பு பார்த்த வண்டி. நெடுவழி, துளையிடுவதற்கு முன் டவரைக் கம்பித் தூரிகையால் வெறும் உலோகம் தெரியும்வரை தேயுங்கள். ஸ்பிரிங் டவரின் கூரையை மேலே தள்ளுகிறது. ஆர்ம் ஷாஃப்ட் அதே டவரைக் கீழே இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் தகடு அறுபது ஆண்டுகளாக இழுபடுகிறது. ஷாஃப்ட் போல்ட்டைச் சுற்றியும், டவர் சட்டத்தோடு சேரும் விளிம்பிலும் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் ஆர்ம் பேச்சைத் தள்ளிவைத்து வெல்டரைக் கூப்பிடுங்கள்.

டவர்கள் உள்பக்கம் சாய்ந்திருக்கின்றனவா என்று பார்க்க எளிய வழி: ஒரு எக்ஸ்போர்ட் பிரேஸ் வாங்கிப் பொருத்திப் பாருங்கள். இரண்டு பக்கத் துளைகளும் சிரமமின்றிச் சேர்ந்தால் நல்லது. எப்படியும் உங்களுக்கு அது தேவை. சாதாரண மஸ்டாங்கில் டவரையும் காவுலையும் (முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள குறுக்குப் பகுதி) இரண்டு தனித்தனித் தகடுகள் இணைக்கும். வெளிநாட்டுக்குப் போன வண்டிகளுக்குக் கனமான ஒரே துண்டைப் போட்டார்கள். ஜெர்மனிக்குப் போனவற்றில் மஸ்டாங் என்ற பெயர்கூட இருக்காது. அங்கே அந்தப் பெயர் க்ருப் நிறுவனத்தின் லாரிகளுக்கு உரியதாக இருந்ததால் டி-5 என்று விற்றார்கள். பெயர் போனாலும் பிரேஸ் நல்லதாகக் கிடைத்தது.

அடுத்தது ஸ்ட்ரட் ராட். ஆர்ம் மாற்றும்போது கடைக்காரர் எல்லாவற்றுக்கும் பாலியூரித்தேன் புஷ் என்று ஒரு பெட்டியைத் தள்ளிவிடுவார். ஸ்ட்ரட் ராடுக்கு மட்டும் அதைப் போடாதீர்கள். சக்கரம் ஏறி இறங்கும்போது அந்தக் கம்பியின் முன்முனை மேலும் கீழும் பக்கவாட்டிலும் திரும்ப வேண்டும். ரப்பர் இடம் கொடுக்கும். கெட்டியான பாலியூரித்தேன் கொடுக்காது. கம்பி வளைந்து வளைந்து மரையின் ஓரத்தில் அறுந்துவிடும். நான் வாங்கிய வண்டியில் முந்தையவர் அப்படித்தான் போட்டிருந்தார். பிரேக் அழுத்தியபோது அறுந்தது. சக்கரம் பின்னால் போய் ஃபெண்டரில் இடித்து நின்றது. வீட்டுத் தெருவிலேயே நடந்ததால் யாருக்கும் காயமில்லை.


பற்றுக்கோல் (ஹூஸ்டன், டெக்சஸ்)

எண்ணெய்க் குழாய்களின் வெல்டிங்கைச் சோதிப்பது என் தொழில். இரும்புக் குதிரைப் பிரியன் என்பதால் இந்த இழையைப் படிக்கிறேன். குழாய் ஆர்ம் வாங்க முடிவு செய்பவர்களுக்குச் சில வார்த்தைகள்.

பவுடர் பூச்சில் மயங்காதீர்கள். பூச்சு மூடாத ஆர்மின் படத்தைத் தயாரிப்பாளரிடம் கேளுங்கள். தருபவர் நம்பத்தக்கவர். ஸ்பிரிங் இருக்கை பூட்டும் தகடும் பால் ஜாயிண்ட் தகடும் குழாயோடு சேரும் இடத்தைப் பாருங்கள். குழாய்க்குக் குறுக்கே நேர்கோட்டில் ஒரே ஒரு வெல்டிங் தையல் ஓடி முடிந்தால், அந்தத் தையலின் ஓரத்திலிருந்தே களைப்பு வெடிப்பு தொடங்கும். தாங்குதகடு வைத்து விசையைப் பரப்பியிருக்க வேண்டும். தையலின் விளிம்பில் குழாயைத் தின்ற பள்ளம் தெரிந்தால் அந்தச் சரக்கைத் திருப்பி அனுப்புங்கள். பழைய தகட்டு ஆர்ம் அசிங்கமாக இருக்கலாம். ஆனால் அது ஒரே தகட்டை அழுத்தி எடுத்தது, அதில் தையல் பலவீனம் இல்லை. அடிபட்டால் வளையும், சட்டென்று முறியாது. சாலை வண்டிக்கு அந்தக் குணம் பெரிய காப்பு.

கீழ் ஆர்மை வலுவாக்க வேண்டுமென்றால் அடியில் தகடு வைத்து மூடிப் பெட்டிபோல வெல்டிங் செய்யும் பழைய பந்தய முறை இருக்கிறது. சாலையில் ஓட்ட அது அவசியமில்லை.


நெடுவழி

டவரைத் தேய்த்துப் பார்த்தேன். இடதில் மேல் துரு மட்டும், வெடிப்பு இல்லை. வலது சுத்தம். எக்ஸ்போர்ட் பிரேஸ் கையால் தட்டியதும் உட்கார்ந்துவிட்டது.

ஆகவே என் முடிவு: தகட்டு மேல் ஆர்ம், நல்ல பால் ஜாயிண்ட்டோடு முழுதாக. கீழ் ஆர்மும் முழுதாக. ஸ்ட்ரட் ராடுக்கு ரப்பர். துளை ஒரு அங்குலம் கீழே, எட்டில் ஒன்று பின்னால். பழைய ஆர்ம்களை மூலப்பிரதி ஐயா சொன்னபடி சுற்றிவைக்கிறேன். மிச்சமாகும் பணத்தில் பேரிங் வைத்த ஸ்பிரிங் இருக்கை போடலாமா? பூட்டும்போது எதில் கவனம் வேண்டும்?


மலைவளைவு

கட்டாயம் போடுங்கள். பழைய ஸ்பிரிங் இருக்கையில் ரப்பர் முறுகுகிறது. பேரிங் போட்டால் அந்த இறுக்கம் விலகி சஸ்பென்ஷன் தளர்வாக அசையும். நான் மெச்சிய மென்மையில் பெரும்பங்கு இதிலிருந்தே வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தகட்டு ஆர்மிலும் இது அப்படியே பொருந்தும்.


பழையபட்டறை

நல்ல முடிவு தம்பி. ஸ்பிரிங்கை எடுக்கும்போது எச்சரிக்கை. இந்த வண்டிக்கு வெளியே மாட்டும் இறுக்கி வேண்டாம்; ஷாக் அப்சார்பரைக் கழற்றிவிட்டு அந்த வழியாக உள்ளே இறக்கும் இறுக்கிதான் சரி. வாடகைக்கு எடுத்தது மரை தேய்ந்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஸ்பிரிங்குக்கு நேராகத் தலையோ கையோ வைக்காதீர்கள்.

மேல் ஆர்ம் எஃகு மரைப் புஷ் என்பதால் பூட்டும் முன்பே கிரீஸ் ஏற்றி, ஷாஃப்ட் நடுவில் நின்று தடையின்றித் திரும்புகிறதா என்று கையால் பாருங்கள். கிரீஸ் முனைக்கு வளைந்த நிப்பிள் போட்டுவிட்டால் பிறகு டவரில் துளை வெட்ட வேண்டியிருக்காது. கீழ் ஆர்மின் உள் புஷ் உலோகத்தோடு ஒட்டிய ரப்பர். அந்த போல்ட்டை சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் வண்டி இறங்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே நிற்கும், ஓராண்டில் கிழியும். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி இறுக்கு.

அலைன்மெண்ட் கடையில் கணினித் திரையில் வரும் 1966 அளவை ஏற்காதீர்கள். அது பழைய பயஸ் பிளை (குறுக்கு இழை) டயருக்கு எழுதியது, இன்றைய ரேடியல் டயருக்குப் பொருந்தாது. கேஸ்டர் நேர் இரண்டரை, கேம்பர் எதிர் அரை டிகிரி, டோ (மேலிருந்து பார்க்கும்போது முன் சக்கரங்களின் திசைக்கோணம்) உள்பக்கம் எட்டில் ஒரு அங்குலம். ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பிள்ளைகள் உட்காரும் வண்டி என்பதால், வேலைக்காரர் அனுமதித்தால், ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு மூட்டை வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

முதல் சிலநூறு மைல் ஓடியபின் ஷாஃப்ட் நட்டுகளை மீண்டும் இறுக்கிப் பாருங்கள். புதிய துளையின் ஓரம் படிந்து அவை சற்றுத் தளர்வது உண்டு.


நெடுவழி

எழுதிக்கொண்டேன் ஐயா. ஆர்ம்களுக்கு இன்று பணம் கட்டிவிட்டேன். துளை அச்சுத் தகட்டை வாங்குவதா, நானே வெட்டுவதா என்று மட்டும் முடிவு செய்யவில்லை.


பற்றுக்கோல்

வாங்குங்கள். பழைய துளைகளில் போல்ட்டைச் செருகித் தகட்டைப் பிடித்துக்கொண்டு துளையிடும் அச்சுதான் இடமும் வலமும் ஒன்றுபோல வர உறுதி தரும். சிறிய முனையில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்குங்கள். துளையின் ஓரச் சிலும்பை அரத்தால் நீவிவிட்டு, வெறும் உலோகத்தில் உடனே துரு தடுக்கும் பூச்சு அடியுங்கள். ஒஹாயோவில் ஒரு குளிர்காலம் போதும், அந்த ஓரத்திலிருந்தே துரு ஏறத் தொடங்கிவிடும்.